வக்கீல் ஐயர் கேட்ட பச்சைப் பேஸ்ட்

1. காலிப் பொடி டப்பா

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு சலூனில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு புதன்கிழமை காலை, கடைக்கு இடம் கொடுத்திருந்த வக்கீல் ஐயர் என் நாற்காலியில் சவரம் முடிந்து எழுந்தார். கன்னத்தை மேலும் கீழும் தடவிப் பார்த்துக்கொண்டார். கீழிருந்து மேலாகத் தடவினாலும் கையில் ஒன்றும் தட்டவில்லை. அவருக்கு ஒரே சந்தோஷம். அங்கவஸ்திர மடிப்பிலிருந்து ஒரு காலி மூக்குப்பொடி டப்பாவை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

“உன் வார்ல தடவறியே அந்தப் பச்சை, அதுல கொஞ்சம் இதுல போட்டுக் குடு சுந்தரம். ஆத்துல நானும் ஒரு வார் மாட்டிண்டிருக்கேன். கோர்ட்டு நாள்ல இங்க வந்து காத்துண்டிருக்க முடியல” என்றார்.

ஊருக்குக் கப்பல் ஏறிப்போன ஒரு வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் அவர் ஒரு நல்ல ஜெர்மன் கத்தி எடுத்திருந்தார். அதைப் பற்றி எங்களிடம் ஏற்கெனவே பலமுறை பெருமையடித்திருக்கிறார்.

கடை முதலாளி தெலுங்குக்காரர். சின்னவர் பெரியவர் எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டுக்காரர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டதில் அவர் முகம் மலர்ந்துபோயிற்று. குடு என்று எனக்குக் கண்ணாலேயே சொன்னார்.

நான் டப்பாவைத் தொடவில்லை. கத்தி தீட்டும் வாரில் நாங்கள் தடவும் அந்தப் பச்சைப் பேஸ்டில் பாதி ஆட்டுக் கொழுப்பு. அந்தக் கடையில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பேஸ்ட் தீரும் தறுவாயில் இருக்கிறது, புதிதாகச் செய்து நாளைக்கே வீட்டில் கொண்டுவந்து தருகிறேன் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஐயர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் நைனா என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு சுண்டுவிரல் அளவு பேஸ்டுக்கு இவ்வளவு பிகு எதற்கு என்று கேட்டார்.

அவர் பயம் எனக்குப் புரிந்தது. குண்டு விழும் என்று பாதி மயிலாப்பூர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்த சமயத்தில்தான், பூட்டிக் கிடந்த அந்த இடத்தை ஐயர் எங்களுக்கு விட்டார். மற்றபடி அந்த இடத்தில் சலூனுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? இப்போது ஜனங்கள் திரும்பி வந்துவிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஜவுளி வியாபாரி ஒருவர் அந்த இடத்தைக் கேட்டு ஐயர் வீட்டுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். ஐயர் மனம் கோணினால் கடை போய்விடும். நைனா குடும்பமும் எங்கள் குடும்பங்களும் அந்த நாற்காலிகளை நம்பித்தான் இருந்தன.

2. வாரும் பேஸ்டும்

இங்கே தொழில் விஷயம் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிளேடு மாட்டிக்கொள்ளும் இன்றைய பிள்ளைகளுக்கு நாங்கள் எதற்காக அந்தப் பேஸ்டுக்கு அப்படி அலைந்தோம் என்று தெரியாது.

கத்தியைக் கல்லில் தீட்டுவது வேறு, வாரில் இழுப்பது வேறு. கல் கூர்மையை உண்டாக்கும். வார் அந்தக் கூர்மையைக் காப்பாற்றும். வாருக்கு இரண்டு பட்டை உண்டு. ஒன்று கித்தான் துணி, மற்றது தோல். பேஸ்டைத் துணியில்தான் தடவ வேண்டும். தோலில் தடவிவிட்டு வந்து நிற்கிறவனைப் பார்த்தாலே நைனாவுக்குக் கோபம் வரும். தோலுக்கு உள்ளங்கைச் சூடே போதும். கத்தியை இழுக்கும்போது முதுகு முன்னால் போகவேண்டும், கூர் பின்னால் வரவேண்டும். திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்டவேண்டும். கூர்ப்பக்கமாகப் புரட்டினால் கத்தியும் கெடும், வாரும் அறுபடும்.

பேஸ்டில் கறுப்பு முரடு. கல்லிலிருந்து அப்போதுதான் இறங்கிய கத்திக்கு அதைக் காட்டலாம். சிவப்பு ரொம்ப சாது. நல்ல கத்தியை இன்னும் வழவழப்பாக்கும், மழுங்கின கத்தியை ஒன்றும் செய்யாது. பச்சைதான் எஃகைச் சட்டென்று பிடிக்கும், கீறலும் விடாது. ஒரு நிறம் தடவின வாரில் இன்னொரு நிறம் படவே கூடாது. சிவப்பு வாரில் கறுப்பு ஒரு பொட்டுப் பட்டால் போதும், அதன் பிறகு அது கறுப்பு வார்தான். நிறையத் தடவினால் நன்றாகத் தீட்டும் என்று நினைப்பதும் தப்பு. துணியின் இழை கண்ணுக்குத் தெரிய வேண்டும். பூசி மெழுகினால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும்.

யுத்தத்தில் கப்பல் வருவது குறைந்ததும் சீமைப் பேஸ்ட் நின்றுபோயிற்று. மாற்று கண்டுபிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. வார் விஷயத்தில் கை சுத்தம் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது, அதில் எனக்குக் கர்வமும் இருந்தது. செங்கல் பொடியைச் சலித்துப் பார்த்தேன், கத்தி ரம்பமாயிற்று. சாம்பல் ஒன்றுக்கும் உதவவில்லை. தட்டாரிடம் நகை மெருகேற்றும் சிவப்புப் பொடி வாங்கி விளக்கெண்ணெயில் குழைத்தேன். எண்ணெய் துணியைத் தாண்டித் தோலுக்கு இறங்கி, பட்டணத்து வெயிலில் வார் முழுக்கப் பிசுபிசுத்தது. தேன்மெழுகில் குழைத்தால் காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உதிர்ந்த பொருக்கு தோலில் ஒட்டி, இருந்த கூர்மையையும் கெடுத்தது.

கடைசியில் ராயப்பேட்டையில் கரீம் பாயிடம் போய் நின்றேன். ஆஸ்பத்திரிக் கத்தரிகளுக்கும் கத்திகளுக்கும் சக்கரத்தில் மெருகு போடுகிறவர். அவர் சக்கரத்துக்குப் பூசும் பச்சைக் கட்டியில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். இதில் என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டேன்.

“ஆட்டுக் கொழுப்புதான் தம்பி. நானே காய்ச்சி வடிகட்னது. கொழுப்பு இல்லாம பொடி துணில நிக்காது” என்றார்.

நின்றது. வெயிலில் இளகவில்லை, உதிரவும் இல்லை. கத்தி முகத்தில் போவதே தெரியவில்லை என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். எல்லா நாற்காலிக்கும் அந்தப் பச்சையையே ஆக்கினேன். பாயிடம் வாங்கினேன் என்றதும் நைனா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி தின்கிறவன் நான். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. என் நாற்காலியில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் வெங்காயம்கூடச் சேர்க்காதவர்கள் என்பது அந்தப் பொடி டப்பா மேஜைக்கு வரும்வரை என் மண்டையில் ஏறவேயில்லை. தீட்டுகிற பொடியைப் பற்றி எவ்வளவு யோசித்தேன், அதைக் குழைத்த பசையைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

3. மெழுகுப் பேஸ்ட்

பாயிடம் வெறும் பச்சைப் பொடியாகக் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். தேன்மெழுகும் விளக்கெண்ணெயும் சேர்த்துக் குழைத்து, உதிராத பதம் வரும்வரை மெனக்கெட்டு, ஐயரின் டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன். அதில் கொழுப்பு ஒரு துளிகூட இல்லை. அவர் வீட்டுக்குள் போவது சுத்தமாக இருந்தால் போதும் என்று என் கணக்கு. கடையில் அவர் முகத்துக்குக் கொழுப்பு, வீட்டில் அவர் வாருக்கு மெழுகு என்று நான் பிரித்துக்கொண்ட அந்த நியாயத்தை என்னவென்று சொல்வது! எனக்கே அது அப்போது நியாயமாகத்தான் பட்டது.

செவ்வாய், வெள்ளி, சனி மூன்றும் மயிலாப்பூரில் சவரத்துக்கு ஆகாத நாட்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை கடை நிரம்பி வழியும். அந்த ஞாயிறு ஐயர் வீட்டிலேயே சவரம் செய்துகொண்டு வந்தார்; உள்ளே வரும்போதே கன்னம் சிவந்திருந்தது. தாடையில் படிகாரம் தேய்த்த வெள்ளை காயவில்லை. டப்பாவை என் மேஜைமேல் வைத்தார்.

“கடைக்கு ஒரு சரக்கு, எனக்கு ஒரு சரக்கா? நான் கேட்டது உன் வார்ல இருக்கறதை. மிச்சம் மீதியை இல்லை” என்றார்.

சத்தம் போடவில்லை. ஆனால் பெஞ்சியில் காத்திருந்தவர்கள் பத்திரிகையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். என் நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தவரும் கண்ணாடியில் என்னையே பார்த்தார். அவருக்காகவே செய்தேன் என்று அங்கே எப்படிச் சொல்வது? சொன்னால் ஏன் என்று கேட்பார். நான் கத்தியை மறுபடி வாரில் இழுத்தேன். வீட்டுக்காரரை ஏமாற்றிய அற்பன் என்று அத்தனை பேரும் நினைத்திருப்பார்கள்.

நைனா அதற்குமேல் பொறுக்கவில்லை. நேரே வந்து என் மேஜை இழுப்பறையைத் திறந்தார். பாய் கொடுத்த பச்சைக் கட்டி அதில்தான் இருந்தது. ஒரு துண்டு வெட்டி டப்பாவில் வைத்து, டப்பாவைத் தோள் துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் ஐயரிடம் கொடுத்தார். நான் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஐயர் அதை மோந்துகூடப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டு போனார்.

கூட்டம் வடிந்த பிறகு நைனாவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் அப்படியே தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“இத்த இப்ப வந்து சொல்றியே. அவரு காதுல வுழுந்துச்சுன்னா நாளைக்கே ஜவுளிக்காரன் வந்து வேற பூட்டு மாட்டிக்குவான். வாயத் தொறக்காத. நீ சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல” என்றார்.

4. கொல்லை வாசல்

வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். ஆனால் வேலை ஓடவில்லை. ஐயரின் தகப்பனார் படுக்கையில் கிடந்தபோது சவரம் செய்ய அந்த வீட்டுக் கொல்லைப்பக்கம் போயிருக்கிறேன். கிணறு, பக்கத்தில் சுவரில் ஆணி, அதற்கு மேலே மடித் துணி உலர்த்தும் கொடி. வாரை அந்த ஆணியில்தான் மாட்டியிருக்கிறேன் என்று அவரே சொல்லியிருந்தார். பேஸ்டைத் தடவின கையால் கிணற்றுக் கயிற்றைப் பிடிப்பார், சொம்பைத் தொடுவார், பூஜைக்குப் போவார். எனக்கு அந்த ஆசாரத்தில் நம்பிக்கை இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை உயிராக நினைக்கிற ஒரு வீட்டில், அவர்களுக்குத் தெரியாமல், என் கைச் சரக்கு போய் உட்கார்ந்திருந்தது. என்னை நம்பி வாங்கிக்கொண்டு போனார். நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

நைனாவிடம் சொல்லாமல் ஒரு காலை நேரத்தில் போனேன். பின்சந்து வழியாகப் போய்க் கொல்லைக் கதவைத் தட்டினேன். உள்ளிருந்து ஐயர் வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டு, நாவிதன் வந்து நிற்கிறான், இன்று செவ்வாய்க்கிழமை என்றுகூட அவனுக்குத் தெரியாதா என்று உள்ளே குரல் கொடுத்தார். அதுவும் எனக்கு நியாயமாகவே இருந்தது. அன்று என்ன கிழமை என்றே எனக்கு நினைவில்லை.

ஐயர் வந்தார். கோர்ட்டுக்குக் கிளம்புகிற அவசரம். நான் படிக்குக் கீழே நின்றபடியே சொல்லிவிட்டேன்.

“சாமி, அந்தப் பச்சைல ஆட்டுக் கொழுப்பு கீதுங்க. தெரிஞ்சேதான் வார்ல போட்டேன். குடுத்தப்போ நைனாவுக்குத் தெரியாதுங்க. அதுக்கோசரம்தான் மொதல்ல மெழுகுல பண்ணிக் குடுத்தேன். தப்பு என்னுதுதான், கடைய ஒண்ணும் செஞ்சிடாதீங்க.”

அவர் சட்டென்று உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். மாமி அங்கே இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, கடையிலும் இதேதானா, எவ்வளவு காலமாக என்று கேட்டார். சீமைப் பேஸ்ட் நின்றதிலிருந்து என்றேன். அவர் கிணற்றோரச் சுவரில் தொங்கிய வாரைப் பார்த்தார். ஜவுளிக்கடைப் போர்டுகூட என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நைனாவிடம் என்ன முகத்தோடு போய் நிற்பேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் கையால் தொடாமல், துணி போடும் கொடிக்கம்பால் வாரை ஆணியிலிருந்து கழற்றி என் காலடியில் விழ விட்டார். டப்பாவையும் அதே கம்பால் மாடத்திலிருந்து தள்ளிவிட்டார். அவள் காதில் விழ வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்றார். நான் இரண்டையும் பொறுக்கிக்கொண்டேன். நாளையிலிருந்து கடையில் எல்லா வாரையும் கழுவி மெழுகுக்கே மாற்றிவிடுகிறேன் என்று சொன்னேன்.

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். படிகாரம் போட்ட இடம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

“கடையில ஒண்ணும் மாத்தாதே. மெழுகு போட்டா எனக்கு எரியறது. எப்படியும் நீ தொட்டதுக்கு ஆத்துக்கு வந்து ஸ்நானம் பண்ணத்தான் போறேன். அதோட அதுவும் போயிடும். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே.”

ஆதரவாகத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். கடை என்று இழுத்தேன். கடைக்கு என்ன, நன்றாகத்தானே நடக்கிறது என்றார்.

நான் வாரையும் டப்பாவையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டேன். சாமி நல்லா இருக்கணும் என்று சொன்னேன். கடை தப்பியது, நைனா தப்பினார், நானும் தப்பினேன். சந்தில் கிட்டத்தட்ட ஓடினேன் என்றே சொல்லலாம்.

சந்து முடிந்து தெருவில் ஏறும்போதுதான் அவர் சொன்னது எனக்குள் இறங்கியது. முடி வெட்டிக்கொண்டால் குளிப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. ஐயர் வீட்டிலும் அதே குளியல்தான், மேலே ஒட்டின முடிக்காகத்தான் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் இல்லை. தெரியும். ஆனால் நீ தொட்டதற்காக என்று என் முகத்துக்கு நேரே அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. ஆட்டுக் கொழுப்பு பட்டுவிட்டதே என்று நான் சோறு இறங்காமல் கிடந்தேன். அவர் கணக்கில் அந்தக் கொழுப்பும் என் விரலும் ஒரே வாளித் தண்ணீரில் போகிறவை. அதிலும் கொழுப்பு புதிதாக வந்தது. என் விரல் முதல் நாளிலிருந்தே இருந்தது.

நைனாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஒரு வாக்கியம் உட்பட. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பெரிய மனுஷன்டா அவர் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். எல்லோருக்கும் டீ வரவழைத்தார். ஆமாம் நைனா, பெரிய மனுஷன்தான் என்று நானும் சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

5. அதன் பிறகு

மற்ற வாடிக்கையாளர்களிடம் சொன்னாயா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. ஐயரே சரி என்ற பிறகு வேறு யாரைக் கேட்பது என்று நைனா சொன்னார், நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். சீமைப் பேஸ்ட் மறுபடி வரும்வரை அந்தப் பச்சைதான் ஓடியது. அந்தச் சீமைப் பேஸ்ட் மட்டும் எதில் குழைத்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஐயர் தொடர்ந்து வந்தார், என் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். வந்த அடுத்த தடவையே என் வேலை கெட்டது. சவரத்துக்கு வலது கையைவிட இடது கைதான் முக்கியம். கன்னத்துத் தோலை விரலால் இழுத்துப் பிடித்துக் கொடுக்காவிட்டால் எந்தக் கத்தியும், எந்தப் பேஸ்டும் உதவாது. எனக்கு இடது கை அவர் முகத்தில் படியவில்லை. விரல் நுனியால் தொடுவதும் எடுப்பதுமாக இருந்தேன். கத்தி இழுத்தது. அவர் கண்ணை மூடியபடியே, கை ஏன் இப்படித் தள்ளித் தள்ளி நிற்கிறது, நன்றாகப் பிடி என்றார். பிடித்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாருக்கோ முகத்துக்கோ எதைத் தடவினாலும் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று விற்கிறவனிடம் கேளுங்கள். கேட்டதை நாற்காலியில் உட்காருகிறவரிடம், அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கடை போனாலும் பரவாயில்லை. நேரத்தில் சொல்லாதவன் பிறகு கையைக் கட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிப் போய் நிற்கிறவனுக்கு எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் தயவாகத்தான் கேட்கும்.

நான் அன்று போனது கொழுப்புக்கு மன்னிப்புக் கேட்க. அவர் கொழுப்பை மன்னித்தார், கூடவே என் கையையும் மன்னித்துவிட்டார். இரண்டுக்கும் சேர்த்து நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். கொழுப்பைச் சொல்லாமல் மறைத்ததற்கு வெட்கப்பட்டு முடித்துவிட்டேன். அந்தக் கும்பிட்டுக்கு வெட்கப்பட்டு இன்னும் முடியவில்லை.